முப்பிடாதியின் முதுகில் ஆறு புள்ளி இரண்டு

எங்கள் வடக்குச்செவலில் கபடிக்காரர்களின் சட்டை எண்கள் தாமாக மாறிய அந்தப் புரட்டாசி மாதத்தில் மழை சரியாகப் பெய்தது, மூன்று கல்யாணம் நடந்தது, ரேஷன் கடையில் பாமாயில் வரவில்லை. இவற்றையெல்லாம் விட்டுவிட்டு வெளியூர்க்காரர்கள் சட்டையைப் பற்றி மட்டும் கேட்பது எங்களுக்கு எப்போதும் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனாலும் கேட்டால் சொல்ல வேண்டும், சொன்னால் முழுதாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதியில் நிறுத்தினால் கேட்கிற ஆள் கபடிக் குழுத் தலைவர் கோமதிநாயகத்தின் கட்சியில் போய் நின்றுகொள்கிறார், எங்களில் பாதிப் பேர் நின்றது போல.

செவ்வானம் கபடிக் குழுவின் ஏழு சட்டைகளும் ஒரே பையில்தான் கிடக்கும். ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் அந்தப் பை ஆட்டக்காரர்களின் வீடுகளுக்கு முறை வைத்துப் போகும், அந்தந்த வீட்டுப் பெண் ஏழையும் துவைத்துக் காயப்போட்டு மடித்துக் கொடுக்க வேண்டும். அந்த வாரம் முறை முப்பிடாதி வீட்டுக்கு. அவன் மரக்கடையில் லோடு ஏற்றுகிறவன், மனைவி பூமாரி பீடி சுற்றுகிறவள். பூமாரி சட்டைகளை அலசி இரண்டு முருங்கை மரங்களுக்கு நடுவில் கட்டியிருந்த கொடியில் போட்டாள், மத்தியானம் எடுக்கப் போனாள், எண்கள் மாறியிருந்தன. கேப்டன் செந்தூர்பாண்டியின் முதுகில் இருந்த ஒன்று இரண்டு புள்ளி நான்காக ஆகியிருந்தது. தலைவரின் அக்கா மகன் விமல்ராஜின் ஏழு, முன்னால் ஒரு சின்னக் கோட்டுடன், மைனஸ் மூன்று புள்ளி ஒன்றாக ஆகியிருந்தது. அவள் வீட்டுக்காரனின் நான்கு, ஐந்து புள்ளி ஒன்பது. நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். பழைய ரப்பர் எழுத்துதான், பழைய வெடிப்புகள்தான், எண் மட்டும் வேறு. வெயிலில் அதிக நேரம் கிடந்தால் துணி சுருங்கிவிடும் என்பதால் உடனே மடித்து வைத்துவிட்டாள்.

முதலில் பழி அவள் மேல்தான் விழுந்தது. என்ன சோப்புப் போட்டாள், எந்தக் கிணற்றில் அலசினாள், புருஷனுக்கு மட்டும் பெரிய எண்ணாக எப்படி வந்தது என்று நாலு நாள் பேசினோம். அடுத்த ஆட்டத்துக்குப் பிறகு பை செந்தூர்பாண்டி வீட்டுக்குப் போனது, அங்கேயும் காய்ந்து முடித்ததும் எண்கள் கொஞ்சம் நகர்ந்திருந்தன, ஐந்து புள்ளி ஒன்பது ஆறு ஆனது, மைனஸ் மூன்று புள்ளி ஒன்று மைனஸ் மூன்று புள்ளி இரண்டு ஆனது. அதன்பிறகு யாரும் பூமாரியை ஒன்றும் சொல்லவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை.

எந்த அதிசயம் வந்தாலும் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்கிற ஊர் எங்களுடையது. மைக்கில் ஆட்டத்தை வர்ணிக்கும் ஆவுடையப்பன் முதல் வாரம் நாக்குக் குழறினான், இரண்டாம் வாரத்திலேயே "இதோ... மைனஸ் மூன்று புள்ளி இரண்டு பாடி வருகிறார், அவரை மடக்கக் காத்திருக்கிறது கரட்டூரின் இரும்புக் கோட்டை" என்று ராகம் போட்டுச் சொல்லப் பழகிவிட்டான். நடுநிலைப் பள்ளி டீச்சர் ஆறாம் வகுப்பைக் கூட்டமாக மைதானத்துக்கு அழைத்து வந்து தசமத்தைச் சட்டைகளிலிருந்தே நடத்தினார், அந்த வருஷம் தசமத்தில் ஒரு பிள்ளைகூடத் தவறவில்லை. கல்யாணத் தரகர் மாப்பிள்ளைக் குறிப்பில் நட்சத்திரத்துக்கு அடுத்த வரியில் சட்டை எண் என்று ஓர் இடம் விட்டார். ஓர் ஆட்டக்காரனின் அம்மா மகன் சட்டையிலிருந்த மைனஸ் கோட்டைச் சீயக்காய் போட்டுத் தேய்த்து எடுத்துவிட்டாள், சாயங்காலம் அது திரும்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டது. எண் ஏன் வந்தது என்று யோசிக்க யாருக்கும் நேரமில்லை, அது எதைச் சொல்கிறது என்பதில்தான் டீக்கடையே ரெண்டுபட்டது.

அதைத் தீர்த்து வைத்தது தலைவர் கோமதிநாயகம். உரக்கடை வைத்திருப்பவர், வெள்ளைச் சட்டை, குழு ஆரம்பித்த நாளிலிருந்து அவர்தான் தலைவர், ஏழு பேர் யார் என்பது அவர் வாயிலிருந்துதான் வரும். ஒருநாள் காலையில் டீக் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"எல, பள்ளிக்கூடத்துல மொத ரேங்க்குக்கு என்ன நம்பரு?"

"ஒண்ணு, அண்ணாச்சி."

"கடைசி ரேங்க்குக்கு?"

"நாப்பது, அம்பது... எத்தன பிள்ளையளோ அத்தன."

"அப்ப எம் மருமவன் நம்பரு என்ன?"

அவரே சொன்னார். "ஒண்ணுக்கும் கீழ, சைபருக்கும் கீழ. அப்படி ஒரு ரேங்க்க இந்தத் தாலுகாவுல எவன் வாங்கியிருக்கான், சொல்லுங்க பாப்போம்."

இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது, அன்றைக்கு அது எங்களுக்குச் சரியாகவே பட்டது. எங்கள் ஊரில் எந்தத் தகப்பனும் பிள்ளையிடம் எத்தனை மார்க் என்று கேட்டதில்லை, என்ன ரேங்க் என்றுதான் கேட்பான். எண் சின்னதாக ஆக ஆக மிட்டாய் வாங்கித் தின்றே வளர்ந்தவர்கள் நாங்கள். தவிர, விமல்ராஜ் பாடிப் போனால் பார்க்கிறவன் ரத்தம் சூடேறும், தாவுவான், சுழலுவான், ஒரே மூச்சில் இரண்டு பேரைத் தொட்டுவிட்டுக் கோட்டைத் தாண்டுவான். அவன் கடைசி ரேங்க் என்று எவனாவது சொன்னால் உதைதான் கிடைத்திருக்கும். ஒரே வாரத்தில் பஸ் நிறுத்தத்தில் "மைனஸ் மாவீரன் விமல்ராஜ்" என்று இருபதடி பிளெக்ஸ் எழுந்தது.

அந்தக் கணக்குப்படி குழுவிலேயே கடைசி ரேங்க் முப்பிடாதி.

அதையும் ஊர் எளிதாக ஏற்றுக்கொண்டது. முப்பத்தாறு வயது, ஏழு வருஷமாக இடப்பக்கம் நடுவில் நிற்கிறான், பாடிப் போக மாட்டான், பாய்ந்து பிடிக்க மாட்டான், ஒரு கோப்பை, ஒரு கேடயம், ஒரு பிளாஸ்டிக் குடம்கூட மேடையில் ஏறி வாங்கியதில்லை. ஒப்புக்குச் சப்பாணி என்று அவன் காது படவே சொல்வார்கள். சின்னப் பிள்ளைகள் விளையாட்டில், அழுகிறானே என்று சேர்த்துக்கொள்ளும் பொடியனுக்குக் கொடுக்கும் பெயர் அது, லோடு ஏற்றித் தோள் காய்த்துப்போன ஆண்பிள்ளைக்கு அதைக் கொடுத்தோம். மரக்கடையில் அவனை ஏய் என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த ஏழு பேரில் ஒருவன் என்பதைத் தவிர ஊரில் அவனுக்கு வேறு மரியாதை கிடையாது, இப்போது அதையும் பங்குனிக் கோயில் கொடைப் போட்டியோடு முடித்துவிடலாம் என்று தலைவர் டீக்கடையில் சொல்லிவிட்டார். அதுவரை மாற்று ஆள் இல்லை, இளவட்டம் எல்லாம் கோயம்புத்தூரிலும் கேரளத்திலும் இருந்தது.

இந்தப் பேச்சு வீட்டுக்கு வந்த அன்றுதான் பூமாரி பீடி இலையும் தூளும் வைக்கும் முறமான சுளகை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஏங்க, கேக்கேன்னு கோவிச்சிக்கிடாதீய. நீங்க அங்க என்னதான் செய்யுதீய?"

"நிக்கேன்."

"நின்னா?"

"நான் அரை எட்டு வச்சு முன்னக்கூட்டி நின்னேம்னா, பாடி வாரவன் அங்கிட்டுப் போவான்."

"அங்கிட்டுப் போனா?"

"அங்கன செந்தூர்பாண்டி கணுக்காலப் புடிப்பான்."

"கைதட்டு?"

"அது செந்தூர்பாண்டிக்கு." அவனுக்கு இது குறையாகவே தெரியவில்லை, சோறு போடச் சொன்னான்.

பூமாரிக்கு அன்று சோறு இறங்கவில்லை. மறுநாள் ஆட்டத்துக்கு அவள் சுளகோடு போனாள். பெண்கள் மைதானத்துக்கு மேற்கே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சுற்றிக்கொண்டேதான் ஆட்டம் பார்ப்பார்கள், அதில் ஒன்றும் புதிதில்லை. பீடி சுற்றுகிறவளுக்குக் கை வேறு கண் வேறு. இலையை மடித்துத் தூளை வைத்து உருட்டி நூல் கட்டி வாயை மடக்கி, இருபத்தைந்து ஆனதும் கை தானாக நிற்கும், கண் ஆகாயத்தில் இருந்தாலும் ஒன்று கூடாது குறையாது. பூமாரி அந்தக் கையை அன்றைக்கு வேறு வேலைக்கு விட்டாள். முப்பிடாதி உள்ளே நிற்கும்போது நமக்கு ஒரு புள்ளி வந்தால், அதை யார் எடுத்திருந்தாலும் சரி, சுளகின் வலப்பக்கம் ஒரு பீடி. அவன் நிற்கும்போது நம்மிடமிருந்து ஒன்று போனால், அது யார் தப்பாக இருந்தாலும் சரி, இடப்பக்கம் ஒரு பீடி. அவன் தொடப்பட்டு வெளியே உட்கார்ந்திருக்கும்போது நடப்பவை தனியாக முந்தானையில். ஆட்டம் முடிந்ததும் எண்ணினாள். இடப்பக்கம்தான் இரண்டு அதிகமாக இருந்தது. மரத்தடியிலேயே அவளுக்கு அழுகை வந்துவிட்டது, பக்கத்தில் இருந்த சொர்ணம் தூள் கண்ணில் பட்டுவிட்டதாக்கும் என்று முந்தானையால் ஊதிவிட்டாள்.

வேறு ஒருத்தியாக இருந்தால் அதோடு விட்டிருப்பாள். பூமாரி அடுத்த ஆட்டத்துக்கும் போனாள். வலப்பக்கம் ஒன்பது அதிகம். அதற்கடுத்ததில் நாலு. அதற்கடுத்து பதினொன்று. ஓர் ஆட்டம் எதையும் சொல்லும், ஆட்டங்கள் சேரச் சேரத்தான் ஆள் தெரிவான் என்று அவளுக்கே ஒருநாள் பிடிபட்டது, அன்றிலிருந்து அவளைக் கையில் பிடிக்க முடியவில்லை. கரட்டூர், ஊத்தடி, மேலப்புலியூர் என்று குழு போன ஊருக்கெல்லாம் டவுன் பஸ்ஸில் சுளகோடு போனாள். கிழித்த காலண்டர் தாள்களின் பின்பக்கம் கரியால் எழுதி அரிசிப் பானைக்கு மேல் அடுக்கினாள். குழம்பு கொதிக்கும்போது கரண்டியை நிறுத்தி, "அந்த ஊத்தடி ஆட்டத்துல நீங்க ரெண்டாவது தடவ வெளிய போனப்போ எத்தன பேரு உள்ள இருந்தாவ?" என்று கேட்பாள். ஆரம்பத்தில் அவளுக்குப் புருஷன்தான் பெரிதாக இருந்தது, போகப் போக ஆட்டமே பெரிதாகிவிட்டது. பாடிப் போகிறவனைப் பார்க்கும் கூட்டத்தில் அவள் ஒருத்தி மட்டும் பாடிப் போகிறவனைப் பார்க்காமல், நிற்கிறவர்களின் பாதங்களைப் பார்த்தாள், எவன் அரை எட்டு நகர்ந்ததால் எவன் எங்கே போனான் என்று பார்த்தாள். இத்தனை வருஷமும் கபடி என்று பார்த்தது வேறு எதையோ என்று சொர்ணத்திடம் சொன்னாள். சொல்லும்போது அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

சொர்ணத்துக்கும் அது தொற்றியது. அவள் விமல்ராஜை எடுத்துக்கொண்டாள். மாசி மாதத்துக்குள் ஏழு பேருக்கும் ஏழு சுளகுகள் இருந்தன, முந்திய ஆட்டங்களில் எந்தப் புள்ளிக்கு யார் யார் உள்ளே நின்றார்கள் என்பதைப் பூமாரியின் தாள்களிலிருந்து எடுத்துக் கூட்டிக்கொண்டார்கள்.

பதினெட்டு ஆட்டம் வரை சுளகுக் கணக்கு சட்டையோடு ஒத்துவரவில்லை. பத்தொன்பதிலும் இல்லை. இருபதாவது ஆட்டம் முடிந்து சட்டை காய்ந்த அன்று பூமாரி எல்லாத் தாளையும் கூட்டினாள், முப்பிடாதிக்கு நூற்றிருபத்து நாலு மேலே, அதை இருபதால் வகுத்தாள். ஆறு புள்ளி இரண்டு. கொடியில் போய்ப் பார்த்தாள், சட்டையிலும் ஆறு புள்ளி இரண்டு. சொர்ணத்தின் கணக்கில் விமல்ராஜுக்கு அறுபத்தெட்டு கீழே, வகுத்தால் மைனஸ் மூன்று புள்ளி நான்கு, சட்டையில் கோட்டோடு அதே மூன்று புள்ளி நான்கு. ஏழும் ஒத்துப்போயின. இரண்டு பேரும் காய்ந்த சட்டைகளுக்கு நடுவில் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தார்கள். சட்டை கடைசி இருபது ஆட்டத்தைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது, நாங்கள் அதை மார்க் சீட்டைத் தலைகீழாகப் பிடித்தது போல வாசித்துக்கொண்டிருந்தோம்.

மறுநாள் பூமாரி, குழு கூடிப் பேசும் ஊர்ப் படிப்பகத்துக்குள் ஏறிப் போனாள். அதற்குள் பெண்கள் போவதில்லை, போகக் கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவும் இல்லை. தலைவரும் குழுக்காரர்களும் கொடைப் போட்டிக்கு நோட்டீஸ் அடிப்பது பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணாச்சி, அது ரேங்க் இல்ல."

"பெறவு என்ன தாயி?"

"அந்த ஆளு உள்ள நிக்கும்போது நமக்குக் கூடுததுல, நம்மள விட்டுப் போறதக் கழிச்சா வருதது. எங்க வீட்டுக்காரரு நின்னா ஆட்டத்துக்கு ஆறு கூடுது. விமல்ராஜ் நின்னா மூணு, மூணர கொறயுது."

தலைவர் சிரித்தார். "ஆட்டத்துக்குப் பத்துப் புள்ளி எடுக்கான் எம் மருமவன்."

"எடுக்காரு, நா இல்லங்கல. ஆனா புடிக்கப் போறப்போ முந்திப் பாய்ஞ்சு, கூட நிக்க ரெண்டு பேரயும் இழுத்துக்கிட்டு வெளிய போறாரு. அதயும் எண்ணணும்லா?"

"எண்ணுத வேலைய நீ பீடியோட வச்சுக்க. புருசனுக்குப் பொண்டாட்டி கூட்டித்தான் சொல்லுவா, எந்த ஊருல கொறச்சுச் சொல்லியிருக்கா?"

படிப்பகமே சிரித்தது. எங்களில் சிலரும் அங்கே இருந்தோம், சிரித்தோம். பூமாரி காலண்டர் தாள்களை மேஜையில் வைத்தாள், யாரும் தொடவில்லை. கடைசியில் தலைவர் தீர்மானமாகச் சொன்னார், கொடைப் போட்டியில் முப்பிடாதி உட்காருவான், திருநெல்வேலியிலிருந்து விமல்ராஜின் கூட்டாளி வந்து இறங்குவான், இனிமேல் மைதானத்துக்குள் சுளகு வரக் கூடாது.

வீட்டில் முப்பிடாதி சொன்னான், "விட்ரு பூமாரி. ஏழு வருசம் ஆடியாச்சு."

"விட மாட்டேன்."

"எனக்காவ ஊரு வாயில விழாத."

"உங்களுக்காவன்னு யாரு சொன்னா? ஏழு வருசமா நானும் உங்கள ஒப்புக்குச் சப்பாணின்னுதான் நெனச்சேன். வாயத் தொறந்து சொல்லல, அம்புட்டுத்தான். மேடையில உங்க பேரக் கூப்பிடாதப்பல்லாம் நா கூட்டத்துல தலையக் குனிஞ்சிருக்கேன். அது தப்புன்னு இப்ப எனக்குத் தெரியும். தெரிஞ்ச பெறவு எப்படி வாய மூடிட்டு இருக்க?" சொல்லிவிட்டு அழுதாள். அவன் என்ன செய்வதென்று தெரியாமல், காலியாக இல்லாத குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனான்.

பங்குனிக் கொடைப் போட்டியின் இறுதியாட்டம் சாயங்காலம் நாலு மணிக்கு, கரட்டூரோடு. கரட்டூர்க்காரர்கள் எங்களை ஐந்து வருஷமாக எங்கள் மண்ணிலேயே வென்றுகொண்டிருந்தார்கள். வேப்பமரத்தடியில் சுளகோடு உட்காரக் கூடாது என்று இரண்டு பேரை நிறுத்தியிருந்தார்கள். பெண்கள் ஒன்றும் வாக்குவாதம் செய்யவில்லை. மைதானத்தை ஒட்டியிருந்த குளத்துக்கரையில் ஏறினார்கள், குளம் சர்க்காருடையது, தலைவரின் அதிகாரம் சுண்ணாம்புக் கோட்டோடு முடிந்துபோகிறது. ஏழு சுளகு வரும் என்று நினைத்தோம், நாற்பத்தொன்று வந்தன, கரையின் நீளத்துக்கு அவை வரிசையாக உட்கார்ந்தன. ஒவ்வொரு புள்ளிக்கும் அந்தந்த ஆட்டக்காரனின் கணக்கைப் பெண்கள் வாய்விட்டுக் கூவத் தொடங்கினார்கள், ஒரு கட்டத்தில் ஆவுடையப்பன் மைக்கை வாயிலிருந்து எடுத்துவிட்டு அதைக் கேட்டுக்கொண்டு நின்றான்.

முப்பிடாதி ஆறு புள்ளி இரண்டு சட்டையோடு கோட்டுக்கு வெளியே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். அவன் நின்ற இடத்தில் திருநெல்வேலிப் பையன் தன் சொந்தப் பனியனோடு நின்றான், நல்ல உடம்பு, நல்ல வேகம், நாலு நல்ல பிடி பிடித்தான், கூட்டம் விசிலடித்தது. ஆனால் பாடி வந்த கரட்டூர்க்காரர்களை எந்தப் பக்கமும் தள்ளிவிட ஆளில்லை, இஷ்டத்துக்கு நுழைந்தார்கள், இஷ்டத்துக்குத் தொட்டார்கள். விமல்ராஜ் ஐந்து புள்ளி எடுத்தான், அவன் மூன்று முறை முந்திப் பாய்ந்ததில் ஏழு போனது. "விமல்ராஜுக்கு கீழ ரெண்டு!" என்று கரையிலிருந்து சொர்ணத்தின் குரல் கூவியபோது பிளெக்ஸ் பக்கம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பாதி ஆட்டம் முடிந்தபோது நாங்கள் பத்து, கரட்டூர் பத்தொன்பது.

இடைவேளையில் செந்தூர்பாண்டி நேராகத் தலைவரிடம் வந்தான்.

"அண்ணாச்சி, முப்பிடாதி அண்ணன உள்ள விடுங்க."

"அவன் கடைசி ரேங்க்ல. சட்டையில எழுதியிருக்கு, கண்ணு தெரியலயா?"

செந்தூர்பாண்டி தன் சட்டையைக் கழற்றினான். மடித்துத் தலைவரின் நாற்காலிக்கு முன்னால் மண்ணில் வைத்தான். "சட்டையத்தான ஆட விடுதீய? இந்தா, அது ஆடட்டும். நாங்க உடம்போட ஆடிக்கிடுதோம்."

பின்னாலேயே ஒவ்வொருவனாக வந்து கழற்றி வைத்தான். திருநெல்வேலிப் பையன், "எனக்கு இந்தப் பொல்லாப்பு வேண்டாம்" என்று தானாகவே வெளியே போய்விட்டான். விமல்ராஜ் மட்டும் மாமனைப் பார்த்தபடி நின்றான், காது வரை சிவந்திருந்தது. "மாமா, எனக்கும் எண்ணத் தெரியும்" என்று சொல்லிவிட்டு அவனும் கழற்றினான். முப்பிடாதிதான் கடைசி. தலைவர் கையெழுத்தோ தலையசைப்போ கொடுக்கவில்லை, அதை யாரும் எதிர்பார்த்து நிற்கவும் இல்லை. நடுவர் விதிப்புத்தகத்தைப் புரட்டப் போனார், அதற்குள் ஆவுடையப்பன் சுண்ணாம்பைத் தொட்டு ஏழு முதுகிலும் ஒன்றிலிருந்து ஏழு வரை எழுதிவிட்டான், முப்பிடாதியின் முதுகில் வெறும் நாலு.

அதற்குப் பிறகு இருபது நிமிஷம் எங்கள் ஊர் பார்த்த ஆட்டத்தை எப்படிச் சொல்வது? முப்பிடாதி ஒன்றுமே செய்யவில்லை. நின்றான், அரை எட்டு முன்னே, அரை எட்டு பின்னே. பாடி வந்தவன் ஒவ்வொருவனும் ஏதோ தானே யோசித்து முடிவெடுத்தது மாதிரி வலப்பக்கம் போனான், போனவனை அங்கே செந்தூர்பாண்டி கணுக்காலோடு அள்ளினான், ஐந்து வருஷமாக எங்களைத் தின்றவர்கள் வரிசையாக மண்ணைக் கவ்வினார்கள். விமல்ராஜ் பாய வரும்போதெல்லாம் முப்பிடாதி இரண்டு விரலால் அவன் முழங்கையைத் தொட்டான், அவன் பாயாமல் நின்றான். எங்கள் கண்ணுக்கு முதல் முறையாக அந்தப் பாதங்கள் தெரிந்தன. பார்க்கக் கற்றுக்கொடுத்தவள் கரையில் உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள்.

"மேல மூணு! மேல நாலு!"

நடுவில் ஒருமுறை முப்பிடாதி தொடப்பட்டு வெளியே போனான், மூன்று முறை பாடிப் போய் வந்தபின் திரும்பி உள்ளே வந்தான். விசில் ஊதியபோது நாங்கள் இருபத்தெட்டு, கரட்டூர் முப்பது.

தோற்றுவிட்டோம். கரட்டூர்க்காரர்கள் கோப்பையோடு குதித்தார்கள், எங்கள் ஆட்கள் மண்ணில் உட்கார்ந்துவிட்டார்கள். தலைவர் கோமதிநாயகம் எழுந்து, வேட்டியை உதறி மடித்துக் கட்டிக்கொண்டு, குளத்துக்கரையைப் பார்த்து மொத்தக் கூட்டத்துக்கும் கேட்கும்படி சொன்னார்.

"தோத்தாச்சுல்லா? ஒன் புருசன எறக்கியும் தோத்தாச்சுல்லா? இப்ப என்ன சொல்லுத?"

பூமாரி கரையிலிருந்து இறங்கினாள். சுளகை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, தடுக்க நின்ற இரண்டு பேருக்கு நடுவில் புகுந்து, சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி மைதானத்தின் நடுவுக்கு வந்தாள். தடுக்க நின்றவர்கள் வழிவிட்டு நின்றார்கள்.

"சொல்லுதேன் அண்ணாச்சி. எங்க வீட்டுக்காரரு உள்ள நின்னப்போ ஒம்பது மேல. நீங்க வெளிய உக்கார வச்சதுலயும் அவரு வெளிய போனதுலயும் சேத்துப் பதினொண்ணு கீழ. ரெண்டயும் கழிச்சா ரெண்டு. அந்த ரெண்டுலதான் தோத்திருக்கோம். தோத்தது யாருன்னு இந்தச் சுளகுல இருக்கு, வந்து எண்ணிப் பாருங்க."

தலைவர் வரவில்லை. "புருசனுக்குக் கூட்டிச் சொல்லுதா" என்றார், ஆனால் குரல் பழைய குரலாக இல்லை. கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை.

அப்போது மண்ணில் உட்கார்ந்திருந்த முப்பிடாதி எழுந்தான். மேடையேறியோ கூட்டத்தின் நடுவிலோ அவன் பேசி நாங்கள் யாரும் கேட்டதில்லை.

"ஒம்பது இல்ல, எட்டு."

பூமாரி திரும்பினாள்.

"நான் தொடுபட்டு வெளிய போனதுல ஒரு புள்ளி போச்சுல்லா, அத வெளிய இருந்த கணக்குல போட்டிருக்க. அவன் என்னத் தொடும்போது நான் உள்ளதான் நின்னேன். அது எந் தப்பு. எங் கணக்குல போடு."

மைதானம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. பூமாரி கண்ணை மூடி, பாடி வந்தவன் அவனைத் தொட்ட அந்த நேரத்தை நினைத்துப் பார்த்தாள், உதடு அசைந்தது, பிறகு தலையசைத்தாள். குனிந்து சுளகைத் தரையில் வைத்தாள். முந்தானையை அவிழ்த்து அதிலிருந்து ஒரு பீடியை எடுத்து, எல்லாருக்கும் தெரியும்படி ஒரு நொடி உயர்த்திப் பிடித்து, சுளகின் இடப்பக்கம் வைத்தாள். நிமிர்ந்து தலைவரின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"எட்டு," என்றாள்.

கரையிலிருந்து நாற்பது பெண்களும் எட்டு என்றார்கள்.